தேசத்துக்காக உபவாச ஜெபம்: அறிக்கையில் தொடங்கி கையெழுத்தில் முடிப்பது எப்படி

"தேசம் கெட்டுப்போச்சு, ஜெபிப்போம்" என்று கூடுகிற உபவாசக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். பத்து மணிக்கு நாலைந்து பாட்டு. பிறகு லஞ்சம், குடி, சினிமா, செல்போன், ஆட்சியாளர்கள் என்று வரிசையாகச் சொல்லி, "இந்த ஜனங்களை மன்னியும் ஆண்டவரே" என்று கண்ணீர் விடுவார்கள். ஒன்றரை மணிக்குக் கலைவார்கள். சொன்ன பாவங்களில் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் பங்கில்லை என்பதுபோல ஜெபம் முடிந்திருக்கும்.

தேசத்துக்காக நடந்த உபவாசங்களில் நிகழ்ச்சி நிரலோடு வேதத்தில் பதிவாகியிருப்பது நெகேமியா 9, 10 அதிகாரங்களில். சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்த யூதர்கள் எருசலேமில் கூடினது ஏழாம் மாதம் 24ஆம் தேதி. பகலில் கால்பங்கு வேதவாசிப்பு, கால்பங்கு பாவ அறிக்கை (9:3), அதாவது ஒவ்வொன்றும் சுமார் மூன்று மணி நேரம். அதோடு விடவில்லை. உடன்படிக்கை எழுதி முத்திரை போட்டார்கள்; 84 பேருடைய பெயர் இருக்கிறது. அது "இனி நல்லவர்களாக இருப்போம்" என்ற பொதுவான வாக்கோடு நிற்கவில்லை. ஓய்வுநாளில் விற்க வந்தால் வாங்கமாட்டோம், ஏழாம் வருஷத்தில் கடனை விட்டுவிடுவோம், ஆலய வேலைக்கு வருஷத்துக்குச் சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்போம், விறகு யார் எப்போது கொண்டுவருவது என்று சீட்டுப்போட்டோம்: இப்படி அளவும் தவணையும் போட்ட வரிகள். வாசிப்பு, அறிக்கை, கையெழுத்து என்ற இந்த மூன்றையும் ஒரு சனிக்கிழமைக்குள் அடக்கி, 60 முதல் 120 பேர் வரை உள்ள சபையில் நடத்தும் முறை இது.

முதலில் ஒரு வசனத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்

என் ஜனங்கள் தாழ்மைப்பட்டு, ஜெபித்து, பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால் தேசத்துக்கு க்ஷேமம் கொடுப்பேன் என்கிற 2 நாளாகமம் 7:14, இந்த மாதிரிக் கூட்டத்தின் பேனரில் இல்லாமல் இருக்காது. அது ஆலயப் பிரதிஷ்டைக்குப் பின் சாலொமோனுக்கு இரவில் சொல்லப்பட்டது. முந்தின வசனம் மழையில்லாமை, வெட்டுக்கிளி, கொள்ளைநோய் பற்றிப் பேசுகிறது. இந்தியாவோ இலங்கையோ அமெரிக்காவோ இஸ்ரவேல் அல்ல. ஆகவே "நாம் உபவாசித்தால் தேசத்துக்கு க்ஷேமம் உத்தரவாதம்" என்று அதை ஒப்பந்தம்போல நீட்டக் கூடாது. ஆனால் அந்த வசனத்தில் யார் திரும்ப வேண்டும் என்று பாருங்கள்: "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள்". நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று 1 பேதுரு 4:17 சொல்வதும் இதே வரிசைதான். வேறு மதத்தாரின் வழிபாட்டைத் தேசத்தின் பாவப் பட்டியலில் சேர்த்து மைக்கில் வாசிப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். தெருவில் வீண் மனக்கசப்பும் வரும்.

இன்னொன்று, "அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது" என்ற பேச்சு. அந்தக் காலத்தில் பாதித் தெருவுக்குள் பாதி ஜனம் செருப்போடு நடக்க முடியாது. முன்நாட்கள் ஏன் இதைவிட நலமாயிருந்தன என்று கேட்பது ஞானமல்ல என்று பிரசங்கி 7:10 வெட்டிப் பேசுகிறது. வீழ்ச்சியை அளக்கத் தீர்க்கதரிசிகள் வைத்த அளவுகோல் வேறு. ஆமோஸ் 8:5 மரக்காலைக் குறைத்து விலையை ஏற்றுவதையும் கள்ளத்தராசையும் சொல்கிறது. எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமமாகக் கெர்வத்தையும் ஆகாரத்திரட்சியையும் எளியவனுடைய கையைப் பலப்படுத்தாததையும் சொல்கிறது. சோதோம் என்றதும் நம் மேடைகளில் வருகிற விஷயத்தோடு இந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தயாரிப்பில் இறங்குங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்

நாலு பேர் கொண்ட குழு போதும்: போதகர், ஒரு மூப்பர், பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர், வேலைக்குப் போகும் வாலிபர் ஒருவர். இரண்டு உட்காரலில் அறிக்கைப் பட்டியலை எழுத வேண்டும். நாள் முழுவதும் நிற்பதும் விழுவதும் இந்தப் பட்டியலில்தான்.

விதி ஒன்றே: சபைக்குள் உட்கார்ந்திருக்கும் யாராவது செய்திருக்கக்கூடிய காரியம் மட்டுமே பட்டியலில் ஏறலாம். "அரசியல்வாதிகளின் ஊழல்" ஏறாது. "ஓட்டுக்கு வாங்கின பணம்" ஏறும். வாங்குவதும் கொடுப்பதைப்போலவே ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பது பலருக்குத் தெரியாது; பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேருங்கள். "சினிமா சீரழிவு" ஏறாது. "சரிபார்க்காமல் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட பொய்" பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற ஒன்பதாம் கற்பனையின்கீழ் ஏறும்.

எங்கள் கணிப்பில் தமிழ்ச் சபை எதுவானாலும் ஐந்து தலைப்பு தவறாது வரும்.

பணம்: பட்டா, மின் இணைப்பு, சான்றிதழுக்குக் கொடுத்த கவர், பத்திரத்தில் குறைத்துக் காட்டிய விலை, பில் இல்லாத விற்பனை, நிர்வாகத்தில் இருப்பவர்கள் பள்ளி, கல்லூரி வேலைக்கு "நன்கொடை" என்று வாங்கியது.

சாதி: இதற்கு நேரம் அதிகம் ஒதுக்குங்கள். மணமகன், மணமகள் தேவை விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை யாருக்கு என்று எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவருக்கு அடுக்களையில் தனி டம்ளர் கவிழ்ந்திருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கட்டளை எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஏறக்குறைய 200 வருஷமாக நிலுவையில் இருக்கிற அறிக்கை இது. ஐந்து நிமிடப் பொது ஜெபத்தில் தீர்ந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கல்யாணம்: வரதட்சணை என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "நாங்க எதுவும் கேட்கல, அவங்க பொண்ணுக்கு அவங்க போடுறாங்க" என்பதும் அதில் அடக்கம் என்று பக்கத்தில் எழுதுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். குறைந்தது ஐந்தாண்டுச் சிறை.

குடியும் வன்முறையும்: டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி ஜெபிப்பது எளிது. 2003இலிருந்து சில்லறை விற்பனையே அதன் கையில் இருப்பதால் திட்டுவதற்கு முகவரியும் தெளிவாக இருக்கிறது. தன் வீட்டுக் குடிகாரனைப் பற்றிப் பத்து வருஷமாக யாரிடமும் வாய் திறக்க முடியாத சகோதரி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார். பட்டியல் அவருக்கும் இடம் கொடுக்க வேண்டும்: "அடிபட்டவளிடம் பொறுத்துப்போ என்று சொல்லி அனுப்பினோம்".

சபை நிர்வாகம்: தேர்தலுக்கு அணி சேர்த்தது, வழக்குமேல் வழக்குப் போட்டது, கணக்கைக் காட்டாமல் விட்டது, காவலாளிக்கும் துப்புரவு செய்பவருக்கும் சம்பளத்தை இழுத்தடித்தது. கமிட்டியில் இருக்கும் யாராவது இந்தத் தலைப்பை எடுத்துவிடச் சொன்னால் அது கட்டாயம் இருக்க வேண்டிய தலைப்பு என்று அர்த்தம்.

அறிவிப்பும் அனுமதியும்

பேனரில் யாருடைய படமும் வேண்டாம். உபவாசத்தை மனுஷருக்குக் காட்டுவதைப் பற்றி மத்தேயு 6:16 தெளிவு. வெளியே கூம்பு ஒலிபெருக்கி கட்ட எழுத்துமூல அனுமதி வேண்டும், குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். சாதாரணப் பேச்சே அந்த அளவை எட்டிவிடும் என்பதால் கூம்பைக் கட்டாமலிருப்பதுதான் புத்தி. உள்ளே இரண்டு சிறிய பெட்டி போதும். அறிக்கை ஜெபம் தெருவுக்குக் கேட்டால் உள்ளே இருப்பவர்களும் மனம் திறக்கமாட்டார்கள். தேர்தல் காலமாக இருந்தால் வேட்பாளர் யாரும் "ஆசி வாங்க" மேடையேறக் கூடாது. வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

உபவாசத்தைப் பற்றிய குறிப்பை முந்தின ஞாயிறே வாசியுங்கள். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறு பிள்ளைகள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்கக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருவதுதான் கூட்டங்களில் ஆள் மயங்கி விழ எளிதில் காரணமாகிவிடும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் தெரிந்தால், அல்லது சர்க்கரை பார்க்கும் கருவியில் 70க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். "ஆவியானவர் அசைவாடுகிறார்" என்று நினைத்துப் பத்து நிமிடம் தாமதித்தால் ஆபத்து.

நாளின் நடப்பு

காலை 9:30க்கு ஒரு பாட்டு, ஒரு சிறு ஜெபம். வரவேற்புரை, சால்வை எதுவும் கிடையாது.

9:45 முதல் 11:00 வரை வாசிப்பு. பிரசங்கம் இல்லை. ஆமோஸ் 1, 2 அதிகாரங்கள், ஏசாயா 58, நெகேமியா 9:5 முதல் 37 வரை, தானியேல் 9:3 முதல் 19 வரை. நான்கு பேர், நான்கு பகுதி. முந்தின வாரமே சத்தமாக வாசித்துப் பழகியிருக்க வேண்டும், பெயர்களில் தடுக்கினால் கவனம் சிதறும். ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு ஐந்து நிமிடம் அமைதி. ஐந்து நிமிடம் என்றால் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம். கீபோர்டில் மெல்லிசை வேண்டாம்.

ஆமோஸை வாசிப்பவருக்கு ஒரு குறிப்பு. அவர் தமஸ்குவில் ஆரம்பித்து காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ள எதிரிகளைத்தான் முதலில் வரிசைப்படுத்துகிறார். கேட்கிற இஸ்ரவேலன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருப்பான். ஏழாவதாக யூதா, சொந்தக்காரன். எட்டாவதாக 2:6இல் "இஸ்ரவேல்" என்று தன் பெயரே வருகிறது. குற்றமும் நீளமாகிறது: நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றார்கள். 2:6க்கு முன் வாசிப்பவர் ஒரு நிமிடம் முழுதாக நிறுத்தட்டும். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

11:00 முதல் 12:45 வரை அறிக்கை. ஐந்து தலைப்புக்கும் தலா 20 நிமிடம். நடத்துபவர் பட்டியலை ஒரு நிமிடத்தில் வாசிப்பார். ஏழு எட்டு நிமிடம் தனித்தனியே முழங்காலில். பிறகு முன்னரே சொல்லிவைத்த ஒருவர் சபை சார்பாக ஜெபிப்பார். சாதித் தலைப்புக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டால் அடுத்ததிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

சபை சார்பாக ஜெபிப்பவருக்குப் பழக்க வேண்டியது ஒரே சொல்: நாங்கள். தானியேல் மேல் வேதம் ஒரு குற்றமும் பதிவு செய்யவில்லை. ஆனாலும் அவர் "நாங்கள் பாவஞ்செய்து" என்றுதான் தொடங்குகிறார் (9:5). நெகேமியா இன்னும் ஒரு படி போய் "நானும் என் தகப்பன் வீட்டாரும்" என்கிறார் (1:6). வித்தியாசம் காதில் எப்படி விழும் என்று பாருங்கள். பழக்கமான ஜெபம்: "ஆண்டவரே, இந்தத் தேசத்தில் லஞ்சம் பெருகிவிட்டது, அதிகாரிகளை உணர்த்தும்." திருத்தினது: "ஆண்டவரே, பட்டா மாற்ற நாங்கள் கவரில் பணம் வைத்துக் கொடுத்தோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களைத் தாண்டிப் போனோம். அவர்கள் இன்னும் நிற்கிறார்கள்." இரண்டாவதைச் சொல்லி முடிக்கும்போது அறையில் இருமல்கூடக் கேட்காது.

இங்கேதான் பெரிய தவறுகளும் நடக்கும். உணர்ச்சி வேகத்தில் யாராவது எழுந்து தன் அந்தரங்கப் பாவத்தையோ, அதைவிட மோசமாக மனைவியின், மருமகளின் பாவத்தையோ மைக்கில் சொல்ல வந்தால் மைக்கைக் கொடுக்காதீர்கள்; ஒரு மூப்பர் ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கட்டும். சாயங்காலத்துக்குள் அது ஊர்ப் பேச்சாகும், அந்தக் குடும்பம் திரும்ப வராது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் அது அறிக்கையோடு மூடப்படும் விஷயமே அல்ல. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். 1098 எண்ணை நடத்துபவரின் தாளில் எழுதி வையுங்கள். அடிபடும் பெண்களுக்கு 181. "ஆண்டவர் மன்னித்துவிட்டார், குடும்ப மானம்" என்ற பேச்சைக் குழுவில் யாரும் எடுக்க விடாதீர்கள்.

12:45 முதல் 1:15 வரை அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக. 1 தீமோத்தேயு 2:1, 2 ராஜாக்களுக்காக வேண்டச் சொன்னபோது அரியணையில் கிறிஸ்தவர் யாரும் இல்லை. எரேமியா 29:7 பாபிலோனுக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது, சிறைபிடித்த பட்டணத்துக்காக. ஆகவே பிடித்த கட்சி, பிடிக்காத கட்சி பார்க்காமல் வார்டு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், ஆட்சியர், காவல் ஆய்வாளர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், தூய்மைப் பணியாளர்கள் என்று உங்கள் ஊர்ப் பதவிகளைச் சொல்லி ஜெபியுங்கள். தேசம் என்ற சொல் பெரிது, வாயில் நிற்காது. வார்டு நிற்கும்.

கையெழுத்து

1:15 முதல் 2:00 வரை தாள் கொடுத்து எழுத வைப்பது. அரைத் தாள், ஐந்து வரிக்குமேல் கூடாது, ஒவ்வொரு வரியிலும் ஒரு அளவோ தேதியோ இருக்க வேண்டும். "நேர்மையாக இருப்பேன்" தள்ளுபடி. "வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு 5ஆம் தேதிக்குள் சம்பளம், மாதம் நான்கு நாள் விடுப்பு, எங்கள் டம்ளரிலேயே காபி" சரி. "மகன் கல்யாணத்துக்கு நகை, ரொக்கம், கார் வாங்கமாட்டோம், பெண் வீட்டாரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவோம்" சரி.

திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் அதற்குத் தனி வரி. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 10,000 ரூபாய் என்றால் 12,000. வரி வசூலித்த சகேயு நாலு மடங்காகக் கொடுத்தது அவன் மனசு. பணத்தை உரியவரிடம் கொடுக்க வேண்டும், காணிக்கைப் பெட்டியில் போட்டு ஈடுகட்டக் கூடாது.

தாளை யாரும் வசூலிக்கக் கூடாது. ஒன்று எழுதியவரிடம், ஒரு நகல் அவரே தெரிந்தெடுத்த ஒரு துணையிடம். கையெழுத்துப் போடாதவரை யாரும் கேட்கவும் கூடாது. சபை எடுக்கும் தீர்மானங்கள் மட்டும் பகிரங்கம்: காலாண்டுக்கு ஒருமுறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, கல்லறை இடம் இனி இறந்த வரிசைப்படி மட்டும், ஆலயத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு இரு வீட்டாரும் வரதட்சணை இல்லை என்று எழுதிக்கொடுப்பது. இவை அடுத்த கமிட்டி மினிட்ஸில் ஏறாவிட்டால் மூன்றாம் மாதம் எல்லாருக்கும் மறந்துவிடும்.

கஞ்சியும் கவரும்

உபவாசத்தைப் பிரியாணியோடு முடிக்காதீர்கள். வயிறும் கேட்காது, நாளும் கெடும். 100 பேருக்கு 5 கிலோ புழுங்கல் அரிசி, 1 கிலோ வறுத்த சிறுபயறு, சுமார் 45 லிட்டர் தண்ணீர். பயறு பாதி வெந்ததும் அரிசி, இறக்கும்போது உப்பு. தேங்காய்த் துவையல் தொட்டுக்கொள்ளப் போதும். 12:30க்கு அடுப்பு பற்றவைத்தால் 2:00 மணிக்குத் தயார். அதற்கு முன்னால் ஆரம்பித்தால் பயறு வறுக்கிற வாசனையில் அறிக்கை ஜெபம் நிற்காது.

ஒவ்வொருவரும் அன்று சாப்பிடாத வேளைக்கு ஆகியிருக்கும் செலவைக் கவரில் போட வேண்டும். பழைய வழக்கம் இது. உபவாச நாளில் மிச்சமான உணவின் விலையைக் கணக்குப் பார்த்து விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கும்படி 2ஆம் நூற்றாண்டு ரோமாபுரிக் கிறிஸ்தவர்களுக்கே அறிவுரை இருந்தது. ஏசாயா 58:7 சொல்வதும் பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிற உபவாசம்தான். அன்றே எண்ணி, அந்த வாரமே தெருவில் தேவையில் இருக்கும் குடும்பத்துக்குச் சேருங்கள். மதம் கேட்க வேண்டாம், துண்டுப்பிரதி வைக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம்.

தொண்ணூறாம் நாள்

தேதியை அன்றே குறித்துவிடுங்கள். முத்திரை போட்ட உடன்படிக்கையே என்ன ஆயிற்று என்று நெகேமியா 13 சொல்கிறது. நெகேமியா ராஜாவிடம் போய்வந்த இடைவெளியில், தசமபாகம் வைக்கும் பெரிய அறையை ஆசாரியன் எலியாசிப் தன்னோடு உறவு கலந்திருந்த, நெகேமியாவின் எதிரியான தொபியாவுக்குக் கொடுத்திருந்தான். ஆலய ஊழியரான லேவியர் பங்கு கிடைக்காமல் வயலுக்கு ஓடிவிட்டார்கள். ஓய்வுநாளில் தீரு தேசத்தார் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். பத்தாம் அதிகாரத்தில் எழுதின வரிகள் ஒவ்வொன்றாக உடைந்திருந்தன. வழக்கமாக முதலில் உடைவதும் இதே இடங்கள்தான்: பெரிய குடும்பத்துக்கு ஒரு விதிவிலக்கு, கீழ்மட்ட ஊழியருக்குச் சம்பள பாக்கி, சனி ஞாயிறு வியாபாரம்.

தொண்ணூறாம் நாள் கூட்டம் ஒரு மணி நேரம் போதும். துணையோடு இருவர் இருவராக உட்கார்ந்து ஐந்து வரியையும் பார்ப்பார்கள். முடிந்ததற்கு நேராக ஒரு டிக். முடியாத வரியை அடிக்காமல், கீழே புதுத் தேதி எழுதி, மறுபடி கையெழுத்து. சபைத் தீர்மானங்களைச் செயலர் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே வாசிக்கட்டும். நிறைவேறாத தீர்மானத்துக்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதை அங்கேயே எழுதிய பிறகு முடிவு ஜெபம்.